கோயில் தேனைக் குழாயில் ஊற்றிப் பார்த்த கதை

போன மாதம் எங்கள் தீவில் ரெதுயி பக்கம் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். கூட்டிப்போனவர் தேவராஜ். சர்க்கரை ஆலையில் என் கடைசி வருஷங்களில் என்னோடு வேலை பார்த்தவர், இப்போது அங்கே பொறுப்பில் இருக்கிறார். வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார்.

"மாமா, சாவி, கைக்கடிகாரம், இரும்பு எது இருந்தாலும் கழட்டி வைங்க. உள்ளே பெரிய காந்தம். பெல்ட்டுல கூட இரும்பு இருக்குமே?"

பெல்ட்டையும் கழற்றினேன். இந்த வயதில் எனக்கு இடுப்பு என்று ஒன்று கிடையாது. ஆகவே ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் விஞ்ஞானத்தைத் தரிசனம் செய்தேன்.

ரம் பீப்பாயை நிமிர்த்தி வைத்து வெள்ளி பூசினது மாதிரி ஒரு எந்திரம். அதன் தலையில் ஓட்டை. பென்சிலை விட மெல்லிய கண்ணாடிக் குழாயில் கரைசலை ஊற்றி அந்த ஓட்டையில் இறக்குகிறார்கள். உள்ளே இருக்கிற அணுக்களைத் தட்டிவிட்டால் அவை ரீங்காரம் போடுமாம், எந்திரம் அதைக் கேட்குமாம். ஒரு தடவை கேட்டால் வெறும் இரைச்சல்தான் தெரியும். திரும்பத் திரும்பக் கேட்டு எல்லாவற்றையும் கூட்டினால் ரீங்காரம் தடித்துக்கொண்டு வரும், இரைச்சல் பின்னால் போய்விடும். அந்த ரீங்காரத்தைப் பிரித்துத் திரையில் கோபுரம் கோபுரமாகக் காட்டினார்கள்.

நான் கேட்டேன்: "இந்தக் குழாயை யார் கழுவினது? கரைக்கிற தண்ணிக்குச் சொந்தமா ஒரு ரீங்காரம் இருக்குமே, அதை என்ன செய்றீங்க? குழாய் கோணலா இருந்தா கோபுரம் கோணாதா?"

தேவராஜ் சிரித்தார். "இதைத்தான் மாமா எங்க பிள்ளைங்க யாரும் கேக்கிறதில்லை. பொத்தானை அமுக்கிட்டுக் கோப்பி குடிக்கப் போயிடுறாங்க. நீங்க எப்படி வேலை பார்த்தீங்கன்னு எழுதிக் குடுங்க."

எழுதுகிறேன். நான் ஆறாவதுக்கு மேல் படிக்கவில்லை. என் தமிழ் கோயில் மாலைப் பள்ளியில் தேவாரத்தோடு சேர்த்து வந்த தமிழ். நாங்கள் பேசினதெல்லாம் பிரெஞ்சு கலந்த தீவு மொழி கிரியோல்தான், அதற்குள் கிஸ்மிஸ் பழம் மாதிரி அங்கங்கே தமிழ். இங்கே முழுக்கத் தமிழில் போடுகிறேன். தப்பு இருந்தால் முருகன் திருத்திப் படித்துக்கொள்வான், அவனுக்குப் பழக்கம்.

ரோஸ் பெல் பக்கத்து ஆலை ஒன்றில் சேர்ந்தேன். முதலில் கரும்புச் சாற்றை வாளியில் எடுத்து லபொரத்வாருக்கு, அதாவது ஆலையின் ஆய்வுக்கூடத்துக்கு, கொண்டுபோகிற வேலை. பிறகு குப்பி கழுவுகிற வேலை. பிறகு ஒருநாள் குழாயில் ஊற்றச் சொன்னார்கள். இதற்குள் எனக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான்.

எங்கள் எந்திரத்தில் காந்தம் கிடையாது, விளக்கு ஒன்று. அந்த வெளிச்சத்தைப் பளிங்கு வழியாகச் செலுத்தி, ஒரே தளத்தில் ஆடுகிற மாதிரி ஒழுங்குபடுத்திவிடும். அது சர்க்கரைக் கரைசலுக்குள் புகுந்து வெளியே வரும்போது ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். சர்க்கரை கூடக் கூடத் திருப்பமும் கூடும். கண்ணை வைத்துப் பார்த்தால் ஒரு வட்டம் தெரியும், பாதி வெளிச்சம், பாதி இருட்டு. இரண்டு பாதியும் ஒரே நிறமாகிறவரை திருகியைத் திருப்ப வேண்டும். எங்கே நிற்கிறதோ அந்த எண்தான் விடை. சொல்வதற்கு எளிது. என் மனைவி தேவானையும் கல்யாணத்துக்கு முன் எளிதான பெண் என்றுதான் சொன்னார்கள்.

வேலை சொல்லிக் கொடுத்தவர் எங்கள் தலைமை வேதியியல்காரர், மிசியே அர்மான், அதாவது அர்மான் ஐயா. வெள்ளைக்காரக் குடும்பம், பெரிய வயிறு, ஞாயிறு தவறாமல் மாதாகோயில். மேசை இழுப்பறையில் ஜெபமாலையும் விளக்குக்கு மாற்று பியூஸும் ஒன்றாகக் கிடக்கும். விளக்கு அணைந்தால் இரண்டையும் சேர்த்து வெளியே எடுப்பார். எது வேலை செய்தது என்று நான் கேட்டதில்லை.

குழாயை வெறும் தண்ணீரில் கழுவிவிட்டுச் சாற்றை ஊற்றினால் கத்துவார். தண்ணீர் ஒட்டியிருக்கும், சாறு நீர்த்துவிடும். எந்தச் சாற்றை அளக்கப் போகிறோமோ அந்தச் சாற்றாலேயே குழாயைக் கொப்பளிக்க வேண்டும். சாறு கலங்கலாக இருந்தால் ஈய உப்புப் போட்டுத் தெளியவைத்து வடிகட்ட வேண்டும். வடிதாளில் முதலில் இறங்குவதைக் கொட்டிவிட வேண்டும், ஏனென்றால் அது தாளின் ஈரத்தையும் சேர்த்துக் கொண்டுவரும். குழாய்க்குள் குமிழி நிற்கக் கூடாது. மூடியை முரட்டுத்தனமாக இறுக்கக் கூடாது. இறுக்கினால் கண்ணாடியே நெரிபட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் திருப்பிவிடும், அதையும் சர்க்கரை என்று எண்ணிவிடுவோம். "உன் முரட்டு விரலைத்தான் அளந்துகிட்டிருக்கே, மோ கார்ஸோன்" என்பார். என் பையனே என்று அர்த்தம். எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள்.

வெறும் தண்ணீரை வைத்துப் பூஜ்யம் சரிபார்க்காமல் ஒரு நாளும் ஆரம்பிக்கக் கூடாது. வெளிச்சப் பக்கமிருந்து திருப்பி ஒரு தடவை, இருட்டுப் பக்கமிருந்து திருப்பி ஒரு தடவை, நடுவில் கண்ணை மூடி ஓய்வு, மறுபடியும். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி. ரெதுயி எந்திரம் இரைச்சலைக் கரைக்கிறதே, அதே வேலைதான். எங்கள் இரைச்சல் கண்ணுக்குள் இருந்தது.

அவர் மனிதக் கண்ணை நம்பவே மாட்டார். யாருடைய கரும்பு என்று தெரிந்தால் கண் அந்த ஆளுக்கு ஏற்ற மாதிரி பார்க்குமாம். அதனால் குப்பிகளுக்குப் புனிதர்கள் பெயர் வைத்துவிடுவார். "சென் பியேர் எவ்வளவு? சென் போல் எவ்வளவு?" ஒருநாள் நான், "மிசியே, எங்க சாமிங்க பேரும் வைக்கலாமே" என்றேன். யோசித்துவிட்டு, "வைக்கலாம். ஆனா கழுவும்போது உடைச்சா உனக்குத்தான் பாவம்" என்றார். அந்த அறுவடை முழுக்கப் பிள்ளையாரைக் கொப்பளித்துத் துப்பினேன்.

சரஸ்வதி பூசை அன்று நான் செய்த காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். பூசை அறுவடைக் காலத்தில்தான் வரும். தராசு, வடிகட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தேன். முக்கியமான எந்திரத்துக்கு நெற்றி எது? கண்ணை வைக்கிற இடம்தான். அங்கே நல்ல தாராளமாக வைத்தேன். மிசியே அர்மான் எந்திரம் இருக்கிற இருட்டறைக்குள் வந்து பழக்கதோஷத்தில் கண்ணை அப்படியே பதித்தார். அன்று மேனேஜர் வீட்டில் அவருக்கு மத்தியானச் சாப்பாடு. வலது கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையத்தோடு போய், சாப்பிட்டு, பேசி, திரும்பி வந்தார். அங்கே ஒருவரும் சொல்லவில்லையாம். மறுநாள் வந்து, "உங்க தேவிக்கு எந்திரத்தோட கால் போதாதா?" என்று மட்டும் கேட்டார். அதிலிருந்து சந்தனம் காலுக்குத்தான். கற்பூரம் வாசலுக்கு வெளியே, புகை கண்ணாடியில் படியாமல். சரஸ்வதி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இனி கஷ்டமான ஒன்றுக்கு வருகிறேன். எங்கள் தீவுக்குச் சுதந்திரம் கிடைப்பதற்கு முந்தின தைப்பூசம் அது. இங்கே தை என்றால் கடும் கோடை, அந்த மாதத்தில் ஆலை ஓடாது, கருவிகளைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருப்போம். எங்கள் முருகன் கோயிலில் கொடியேற்றிக் காவடி விரதம் தொடங்கியிருந்தது. கோயிலுக்கு அந்த வருஷம் புதுத் தலைவர், எங்கள் பேச்சில் பிரசிதான், வேலாயுதம். லாரி வைத்திருந்தவர். பதவி ஏறினதிலிருந்து நடையே மாறிவிட்டது, பிரகாரத்திலும் லாரி மாதிரிதான் திரும்புவார்.

அபிஷேகத் தேன் கொடுப்பது லெச்சுமி அக்கா. கோயில் சாடி அவர் வீட்டுக்குப் போய் நிறைந்து வரும். லோங்கான் மரங்களுக்கு அடியில் பெட்டி வைத்துத் தேனீ வளர்த்தார். புருஷனுக்குக் கரும்பு வெட்டும்போது கால் போய்விட்டது. அந்தத் தேனில்தான் குடும்பம். வக்குவா சந்தையில் அவர் குப்பியைத் திறந்து பார்க்காமலே வாங்குவார்கள், கோயிலுக்குக் கொடுக்கிறவர் என்று பெயர். வாய் மட்டும் தேனீயை விட மோசம்.

கொடியேற்றத்து அபிஷேகம் முடிந்து, தேன் சாடியின் அடியில் கொஞ்சம் மிஞ்சியது. பிரசிதான் அதைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் மணல் மாதிரி நறநற என்று இருந்தது. மடப்பள்ளி வாசலிலேயே கூட்டம் கூடிவிட்டது.

"இது என்ன லெச்சுமி? தேனா, ஆலைச் சக்கரையா?"

"குளிருக்குத் தேன் உறையும். லாரி ஓட்டுறவங்களுக்குத் தெரியாது."

"தை மாசத்துல என்ன குளிரு? வேர்த்துக் கொட்டுது! சாமிக்கே கலப்படமா?"

"கலந்தேன்னு நீங்க பாத்தீங்களா அண்ணே?"

"பாக்கணுமா? நாக்குல வச்சாலே தெரியுது."

"விரதத்துல நாக்குல வச்சீங்களா? முருகா!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததுதான் வினை. பிரசிதானுக்கு முகம் சிவந்துவிட்டது. காவடி அன்று வேறு தேன் வாங்கப்போவதாகவும், ஏன் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் காரணத்தைச் சொல்லப்போவதாகவும் அறிவித்தார். லெச்சுமி அக்கா முகத்தில் அப்போதுதான் இரத்தம் வற்றியது. காவடிக்குத் தீவெங்கும் இருந்து ஜனம் வரும். கோயிலே தள்ளின தேனை அதற்குப் பிறகு யார் வாங்குவார்கள்?

யாரோ என்னைக் காட்டினார்கள். "இவர் லபொரத்வார்ல சக்கரை அளக்கிறவர்தானே? அளந்து சொல்லட்டும்."

"அளக்கட்டும்" என்றார் லெச்சுமி அக்கா. "என் முகத்தைப் பாத்து நம்பாதவங்க குழாயைப் பாத்தாவது நம்பட்டும்."

சாடியில் மிஞ்சினதை ஒரு குப்பியில் வழித்து என் கையில் கொடுத்தார்கள். மறுநாள் மிசியே அர்மானிடம் பயந்து பயந்து விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ஒரே குஷி. ஆலை ஓடாத மாதத்தில் அவருக்குப் பொழுது போகாது.

"தேன் இடது பக்கம் திருப்பும், தெரியுமா? கரும்புச் சக்கரை வலது பக்கம். கலந்திருந்தா மாட்டிக்கும்."

தன் வீட்டுத் தோட்டத்துத் தேனையும் கொண்டுவந்து, இரண்டையும் எடைபோட்டுக் கரைத்து, வழக்கம்போல் பெயர் வைத்து என்னிடம் நீட்டினார். சென் பியேர், சென் போல். எது எது என்று சொல்லவில்லை. உடனே அளக்கவும் விடவில்லை. தேன் கரைந்ததும் எண் நிலையாக நிற்காது, மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு சொட்டு அம்மோனியா விட்டு, எண் அடங்கி உட்காருகிறவரை காத்திருக்க வேண்டும். அவர் காத்திருந்த நேரத்தில் மிச்சத் தேனைக் கரண்டியில் நக்கினார். நான் விரதம், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்த்தேன். சென் பியேர் ஒழுங்காக இடது பக்கம் போனார். சென் போல் வலது பக்கம்.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குழாயை மாற்றினேன். மூடியைத் தளர்த்தினேன். பூஜ்யம் பார்த்தேன். சென் போல் அசையவில்லை.

"அவசரப்படாதே" என்றார். இரண்டிலும் அமிலம் விட்டு வெந்நீர்த் தொட்டியில் வைத்து ஆறவிட்டோம். அமிலத்தில் கரும்புச் சர்க்கரை உடைந்து, வலப்பக்கம் திருப்பினது இடப்பக்கம் திருப்ப ஆரம்பிக்கும். நல்ல தேன் அநேகமாக இருந்த இடத்திலேயே இருக்கும். மறுபடி அளந்தோம். சென் பியேர் இருந்த இடத்தில் இருந்தார். சென் போல் மலையிலிருந்து உருண்டது மாதிரி இடது பக்கம் விழுந்தார். சந்தேகமே இல்லை, கரும்புச் சர்க்கரை. எது சென் போல் என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"மிசியே, அந்த அம்மா பொய் சொல்ற ஆள் இல்லை."

"நான் சொன்னேனா? குப்பியில சக்கரை இருக்கு. அவ்வளவுதான் விளக்குக்குத் தெரியும். எப்படி வந்துச்சுன்னு விளக்கைக் கேக்காதே." பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டார். "நீ கரும்பு வண்டியில அடிக்கரும்பை மட்டும் எடுத்து அளப்பியா? சாடியோட அடியை ஏன் அளந்தே? போய் அவங்க பெட்டியிலேருந்து நேரா எடுத்துட்டு வா. சுத்தமான குப்பியில."

நானே கழுவி, காய்ச்சிய நீரில் அலசி, உலர்த்தி, தக்கை போட்டு ஒரு குப்பியை வீட்டுக்கு எடுத்துப்போனேன். ஆலை உடையை மாற்றிக்கொண்டு லெச்சுமி அக்கா வீட்டுக்குப் போகலாம் என்று நினைப்பு. முகம் கழுவிவிட்டு வந்து குப்பியைக் கையில் எடுத்தால் கலகல என்றது. உள்ளே ஒரு கை சர்க்கரை.

"தேவானை! இது என்ன?"

"சக்கரை."

"அது தெரியுது! ஏன் போட்டே?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அடுத்தவங்க வீட்டுக்கு வெறும் பாத்திரத்தையா கொண்டுபோவீங்க? கெட்ட வழக்கம். எப்படி வளத்தாங்களோ உங்க அம்மா."

பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம். அக்கம்பக்கத்துப் பாத்திரம் எங்கள் வீட்டுக்கு வந்தால் வெறுமனே திரும்பாது, ஒரு பிடி அரிசியோ சர்க்கரையோ போட்டுத்தான் போகும். கோயில் சாடி மட்டும் வெறும் சாடியாகவா லெச்சுமி அக்கா வீட்டுக்குப் போயிருக்கும்?

குப்பியை அங்கேயே வைத்துவிட்டு ஓடினேன். லெச்சுமி அக்கா தேன் பெட்டிக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, கோயில் சாடி உங்ககிட்ட வரும்போது உள்ளே ஏதாவது இருந்துச்சா?"

"சக்கரை இருந்துச்சு. எப்பவும் இருக்குமே. முன்னெல்லாம் ஒரு சிட்டிகை, இந்த வருஷம் கொட்டியே வச்சிருந்தாங்க."

"அதை எடுக்கலையா?"

"கோயில்லேருந்து வந்த சக்கரையை வெளியே கொட்டச் சொல்றியா? காலு படாதா? எப்படியும் சாமிக்குத்தானே போகுது, அது மேலேயே தேனை ஊத்தினேன்." அப்புறம் புகைக்குழல் அவர் கையிலேயே நின்றது. "அடப்பாவி. நானேதானா?"

வேறொரு சுத்தமான குப்பியில் பெட்டியிலிருந்து எடுத்த புதுத் தேனை மிசியே அர்மான் மறுநாள் தானே அளந்தார். சமர்த்தாக இடது பக்கம் போய் உட்கார்ந்தது. அமிலத்துக்கும் அசையவில்லை. கதை முழுவதையும் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் இருட்டறைத் திரை ஆடியது. "எங்க ஆளுங்க தண்ணியாலே குப்பியைக் கெடுப்பாங்க. நீங்க மரியாதையாலே கெடுக்கிறீங்க!"

அன்று சாயங்காலம் கோயிலில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். முதலில் அளந்ததில் சர்க்கரை இருந்தது, அது நிஜம். பெட்டித் தேனில் இல்லை, அதுவும் நிஜம். நடுவில் சாடியில் சர்க்கரை போட்டு அனுப்பியது யார் என்றுதான் கேட்க வேண்டும்.

சாடியைக் கழுவி அனுப்பின பார்வதி மாமி கூட்டத்தில் எழுந்து நின்றார். பிரசிதானின் சம்சாரம்.

"நான்தான் போட்டேன். பிரசிதான் வீட்டுக் கை சின்னதா இருக்கலாமா? ரெண்டு கை நிறையப் போட்டேன்."

பிரசிதான் வேலாயுதம் கூரையைப் பார்த்தார். பிறகு, மனிதர் மோசமில்லை, எல்லோர் முன்னாலும் கும்பிட்டு, "லெச்சுமி, தப்பா சொல்லிட்டேன். காவடிக்கும் உன் தேன்தான்" என்றார்.

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். லெச்சுமி அக்கா விடவில்லை.

"சரி அண்ணே. தேனை அளந்தாச்சு. அந்தக் கண்ணாடி பாலையும் அளக்குமா?"

பல வருஷமாகக் காவடிக் குடங்களுக்குப் பால் கொடுப்பது பிரசிதான் வீட்டு மாடுகள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாலிலும் ஒரு சர்க்கரை உண்டு. தெளியவைத்தால் அதையும் எங்கள் எந்திரம் அளக்கும். தண்ணீர் கலந்திருந்தால் எண் இறங்கிவிடும். முருகன் சந்நிதியில் நின்றுகொண்டு பொய் சொல்ல முடியாது.

"அளக்கும்" என்றேன்.

"சாமி காரியத்துல போய் எதுக்குச் சோதனை?" என்றார் பிரசிதான். "நம்பிக்கைதானே முக்கியம்?"

லெச்சுமி அக்கா சிரிக்கவில்லை. "அதைத்தானே அண்ணே நானும் சொன்னேன்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தார்.

தைப்பூசத்தன்று நானும் அலகு குத்திக் காவடி எடுத்தேன். வெயிலில் தார் உருகின ரோட்டில் வெறுங்காலோடு நடந்து கோயிலுக்குள் வந்தபோது அழுதுவிட்டேன், ஒவ்வொரு வருஷமும் அழுவேன். என் குடத்துப் பாலை முருகன் தலையில் ஊற்றினார்கள், அதன் மேல் லெச்சுமி அக்காவின் தேன் பொன்னாக இறங்கியது. பால் அந்த வருஷம் மிக நன்றாக இருந்தது. குடத்தில் கட்டியாக ஆடை படர்ந்திருந்தது. அதற்கு முன் ஒரு வருஷமும் நான் கோயில் பாலில் ஆடையைப் பார்த்ததே இல்லை.